பதினைந்தாவது பெயர்

அதிகாரி விரல்விட்டு எண்ணினார்.
பதினாலு.
"விஞ்ஞானப் பிரிவுக்குப் பதினைந்து வேணும் சேர்,
சுற்றறிக்கை அப்படி."

"ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்.
நாளைக்கு வரும்," என்றார் ராமசுப்பு சேர்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அந்த நேரம் நான்
ஏழாம் நம்பர் மலையில் கூடையோடு நின்றேன்.
சாதாரண தரம் முடித்து இரண்டு வருசம்.
செக்ரோலில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

பொழுதுபட லயத்துக்கு வந்தார்,
காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு.
"ஒரே ஒரு நாள் வந்து உட்காரு, முத்துவடிவு.
வெள்ளை உடுப்பு நான் தாறேன்."
அப்பா கேட்டார்: "அன்னிக்குப் பேரு யாரு போடுவா?"
சேர் சட்டைப்பையில் கைவிட்டார்.
அப்பா வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உட்கார்ந்தேன்.
அந்த அறையை எனக்கு முன்பே தெரியும்.
பிள்ளைக்காம்பராவாக இருந்தது அது.
தொட்டில் கட்டிய வளையங்கள் உத்தரத்தில் இன்னும் இருந்தன.
அம்மா கொழுந்துக்குப் போகையில்
என்னைக் கிடத்திய இடத்துக்கு நேர் மேலே
ஆவர்த்தன அட்டவணை தொங்கியது.

ஆனைமுடக்குத் தோட்டத்தில்
பள்ளிக்கூடம் என்றால் முதலில்
ஒரு வாத்தியார், ஒரு பலகை, ஐந்தாம் வகுப்பு.
அதற்கு மேல் படித்தால்
கூடை யார் தூக்குவது என்று துரைமாருக்குக் கவலை.
பிறகு அரசாங்கம் எடுத்தது.
பெயர்ப்பலகை மூன்று மொழியில் வந்தது,
மேசை வரவில்லை.
வருசத்துக்கு ஒரு வகுப்பாக ஏறினோம்.
எட்டுக்குக் கூரையில்லாத வருசம்
மழை பிடித்தால்
எட்டும் ஏழும் ஒரே பாடம் படித்தன.
மஸ்கெலியா மழை, மூன்று மாதம் விடாது.
அதனால் எங்களில் சிலர் ஏழாம் வகுப்பை
இரண்டு தடவை நன்றாகப் படித்தவர்கள்.

புதுக் கட்டடத்துக்கு வீட்டுக்கு ஓர் அரைப்பேர்.
மணல் ஆற்றிலிருந்து
கொழுந்துச் சாக்கில் ஏறிற்று,
தலைமாற்றித் தலைமாற்றி.
கங்காணி முனியப்பன் மட்டும் தரவில்லை.
அவர் மகன்தான் பதினாலில் ஒருவன்.

ஒரு நாள் என்றது ஒரு கிழமையானது.
அதிகாரி மறுபடி வரலாம் என்றார் சேர்.
அவர் வரவேயில்லை.
என்னைப் போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.
இடாப்பில் என் பெயருக்கு நேரே
சேர்ந்த தேதி, அந்தக் காய்ச்சல் நாள்.

கல்லாற்றிலிருந்து குகதாசன் மாஸ்டர்
பௌதிகம் படிப்பிக்க வந்தார்.
ஐந்து மாதம். குளிர் தாங்கவில்லை.
போகும்போது தன் கம்பளிப் போர்வையையும்
கடந்தகால வினாத்தாள்களையும் விட்டுப்போனார்.
அதன் பிறகு பௌதிகம்
நாங்களே நாங்களாக.

பதினைந்து பேர் எழுதினோம்.
மூன்று பேர் சித்தி.
அந்த மூன்றில் நான் இல்லை.
இரண்டாம் முறை ஒரு சீ, இரண்டு எஸ்.
யோகமலர் பேராதனைக்குப் போனாள்.
லொறியில் நின்றபடி கையாட்டினாள்,
பெட்டி அவளைவிடப் பெரிது.

நான் ஆய்வுகூட உதவியாளர்.
இந்த வருசம் பன்னிரண்டாம் தரத்தில்
அறுபத்திரண்டு பேர்.
குழாயில் தண்ணீர் வருகிறது, பெரும்பாலும்.

புதுத் தராசு வந்த அன்று
பெற்றோர் கூட்டத்துக்கென்று வந்த அம்மா
மடியிலிருந்து ஒரு கொழுந்து எடுத்துத்
தட்டில் வைத்தாள்.
இரண்டு இலையும் ஒரு மொட்டும்.
பச்சை எழுத்தில் எண்கள் ஓடின:
சைபர் தசம் நாலு ஒன்று இரண்டு...

"சாக்குக்கு எவ்வளவு கழிக்கும்?"
"கழிக்காதும்மா."
"ஈரத்துக்கு?"
"கழிக்காது."

நம்பவில்லை. குனிந்து பார்த்தாள்.
நாற்பது வருசம் கொழுந்து நிறுத்த இடத்தில்
இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று
கணக்கப்பிள்ளையின் பென்சில்
விழுங்கியதைப் பார்த்த கண்.

கடைசி எண் நிற்காமல் நடுங்கியது.
"கொஞ்சம் தள்ளு," என்று
கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.
"உன் மூச்சுக்கும் இது அசையும்."

அம்மா
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.